விளக்கு வரும் என்று காத்திருந்த ராத்திரி

"சமையல் குறிப்பும் கை வைத்தியமும் வருகிற இடத்தில் இவள் என்ன, கம்ப்யூட்டர் ஃபைலைப் பற்றி எழுத வந்துவிட்டாள்?" என்று சில சகோதரிகள் நினைக்கலாம். நான் படித்தது பிளஸ் டூ வரைதான். கம்ப்யூட்டர் வகுப்புக்கெல்லாம் போனதில்லை. ஆனாலும் போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி நடந்ததும், மறுநாள் பொழுது சாயும்வரை நான் பட்ட பாடும் என் மனசை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு நம்மில் பல பேர் வீட்டில் விளக்கு தானாக எரிகிறது, மோட்டார் தானாக நிற்கிறது. பிள்ளைகளோ மாப்பிள்ளைகளோ வந்து பூட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் இருப்பது நாம்தானே! அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடு. முன்னால் கூடம், பின்னால் நீளத் தாழ்வாரம், அதன் கோடியில் பாத்ரூம். என் மாமியாருக்கு வயது 76. ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்து போவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி இருட்டில் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சாதம் பிசைந்து ஊட்டிவிட்டதும், தலை பின்னிவிட்டதும் நான்தான். "அத்தை, கூப்பிட்டால் நான் வரமாட்டேனா?" என்று கேட்டால், "உன்னை எத்தனை தடவைம்மா எழுப்பறது?" என்பார்கள். விழுந்தவர்களை விட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பெரிய பையன் அடுத்த பொங்கலுக்கு வந்தபோது ஒரு ஏற்பாடு செய்தான். 'ராஸ்பெரி பை' என்று உள்ளங்கை அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள் நகம் அளவில் ஒரு மெமரி கார்டு. அதில் 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற மென்பொருள். 2013-ல் பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தொடங்கி, இப்போது உலகம் பூராவும் பல பேர் சேர்ந்து வளர்க்கிற இலவச மென்பொருள் அது. இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்றான். அத்தையின் கட்டிலுக்குக் கீழே ஆள் நடமாட்டத்தைக் கண்டுகொள்ளும் ஒரு சென்சார். தாழ்வார விளக்கின் சுவிட்ச் பெட்டிக்குள் எலக்ட்ரீஷியன் வைத்த ஒரு சின்ன ரிலே. அத்தை காலைக் கீழே ஊன்றினால் தாழ்வாரம் முழுக்க வெளிச்சம் வரும். மூன்று நிமிஷம் கழித்துத் தானாக அணைந்துவிடும்.

முதல் வாரம் அத்தை அதை நம்பவில்லை. டார்ச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினார்கள். பத்து நாள் போனதும் டார்ச் அலமாரிக்குப் போயிற்று.

அந்த ராத்திரி

ஐப்பசி மழை. மூன்று நிமிஷம் போதவில்லை, பாத்ரூமிலிருந்து திரும்புவதற்குள் விளக்கு அணைந்துவிடுகிறது என்று அத்தை சொன்னார்கள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு நான் என் போனில் அந்தத் திரையைத் திறந்து, மூன்றை ஐந்தாக மாற்றி, 'சேமி' பொத்தானை அழுத்தினேன். அந்தச் சமயம் பார்த்துப் பளிச்சென்று ஒரு மின்னல், கரண்ட் போய்விட்டது. வந்தது. மறுபடி போனது. மூன்று தடவை இப்படிக் கண்ணாமூச்சி ஆடிவிட்டு நின்றது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில் செருகியிருந்தோம். கரண்ட் வந்துவிட்டதே, எல்லாம் சரியாகிவிடும் என்று படுத்துவிட்டேன்.

இரண்டரை மணி இருக்கும். "அம்மாடி!" என்று ஒரு குரல். ஓடினேன். கும்மிருட்டில் அத்தை தாழ்வாரத்துப் படியில் காலை இடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சுவரைப் பிடித்தபடி நிற்கிறார்கள். உடம்பெல்லாம் நடுங்குகிறது. நல்லவேளை, விழவில்லை. கட்டை விரல் நகம் மட்டும் பெயர்ந்திருந்தது.

"லைட்டு வரும்னு நெனச்சேம்மா. ரெண்டடி வச்சா வந்துடும்னு நடந்துட்டேன்" என்றார்கள்.

விரலைக் கழுவிக் கட்டுப் போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த விளக்கு இல்லாத நாளில் அவர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு போவார்கள். நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு நாங்கள்தான் கையை விட்டுவிட்டோம். சுவரில் சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டினால் விளக்கு எரியும். ஆனால் அது தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது.

ஃபைலுக்கு என்ன ஆயிற்று?

விடிந்ததும் பையனுக்குப் போன். "அம்மா, நான் ஆபீஸ் கிளம்பிட்டேன், சாயங்காலம் பார்க்கிறேன்" என்றான். "சாயங்காலத்துக்கு அப்புறம் ராத்திரி வந்துடும்டா. நான் என்ன பார்க்கணும்னு மட்டும் சொல்லு" என்றேன்.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். வீடு எப்படி நடக்கவேண்டும் என்பதை அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் சில ஃபைல்களில் எழுதி வைத்திருக்கிறது. 'கான்ஃபிகரேஷன்' என்று ஒன்று தலைமை ஃபைல். 'ஆட்டோமேஷன்ஸ்' என்று இன்னொன்று. "அத்தை எழுந்தால் விளக்கைப் போடு, ஐந்து நிமிஷத்தில் அணை" என்கிற மாதிரி கட்டளைகள் இதில்தான் இருக்கும். தலைமை ஃபைல் இதைக் கூப்பிட்டுப் படிக்கும். இதில் ஒரு எழுத்து புரியாவிட்டாலும் தலைமை ஃபைலும் நின்றுவிடும்.

நாம் 'சேமி' என்று அழுத்தினாலும் எழுத்து அந்த நொடியே கார்டில் பதிந்துவிடுவதில்லை. கம்ப்யூட்டர் முதலில் தன் நினைவில் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தாமதித்துத்தான் கார்டில் எழுதுகிறது. நடுவில் கரண்ட் போனால் ஃபைலுக்கு இடம் மட்டும் ஒதுக்கியிருக்கும், உள்ளே விஷயம் இருக்காது. அதோடு இந்த மெமரி கார்டு ஒரு எழுத்தை மட்டும் தனியாக மாற்றாது. ஒரு பெரிய பகுதியையே அழித்துவிட்டுத் திரும்ப எழுதும். அந்த வேலை பாதியில் நின்றால், நாம் தொடாத பக்கத்து ஃபைல்கூடக் கெடலாம். போதாக்குறைக்கு, இந்த மென்பொருள் வீட்டில் நடப்பதையெல்லாம் ஒரு தினசரிக் கணக்காக 5 விநாடிக்கு ஒரு தடவை கார்டில் எழுதிக்கொண்டே இருக்கிறது. அதனால் கரண்ட் எப்போது போனாலும் ஏதோ ஒன்று பாதி எழுத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

முதலில் பார், பிறகு தொடு

என் மகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவளுடைய லேப்டாப்பைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். விலாசத்தை அடித்தேன். திரை வந்தது! ஆனால் வழக்கமான படம் இல்லை. 'மீட்பு நிலை'யில் இயங்குகிறேன் என்று ஒரு அறிவிப்பு. தலைமை ஃபைலைப் படிக்க முடியாமல் போனால் இந்த மென்பொருள் சுத்தமாக மூடிக்கொள்வதில்லை. நாம் உள்ளே நுழைந்து சரிசெய்கிற அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து வைக்கிறது.

'லாக்' என்ற பக்கத்தைப் பார்க்கச் சொன்னான். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஏற்க முடியாத எழுத்து, எண் 0000 என்று அர்த்தம். பக்கத்தில் ஆட்டோமேஷன்ஸ் ஃபைலின் பெயர். அந்த ஃபைலைத் திறந்தேன். எழுத்தே இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஏதோ புரியாத குறிகள் வரிசையாக நிற்கின்றன.

எனக்கு உடனே எல்லாவற்றையும் அழித்துவிடத்தான் கை பரபரத்தது. "அழிக்காதேம்மா! கெட்டுப்போன ஃபைலுக்கு வேறே பேர் வச்சு ஓரமா வை. அப்புறம் புதுசா எழுது" என்றான். இதை நான் முதல் பாடமாகக் குறித்துக்கொண்டேன். பாதி கெட்ட ஃபைலில் பாதி நல்லதும் இருக்கலாம். அதைத் தூக்கி எறிந்துவிட்டால் திரும்பாது.

"பழைய நகல் எங்கேடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பொங்கலன்று எழுதியதன் நகல் அவன் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. அவசரத்தில் அதைப் போனில் படம் பிடித்து நாலு படமாக அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டான். நாற்பத்து சொச்சம் வரி. குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன். நேரே ஃபைலில் கை வைக்கப் பயம். நோட்பேடில் அடித்து, பிறகு அங்கே கொண்டுபோய் ஒட்டினேன்.

புள்ளிக் கோலம் மாதிரி

ஒட்டி, மறுபடி ஓடவிட்டேன். மறுபடி மீட்பு நிலை. லாக்கில் 23-ஆம் வரி என்று இருந்தது. பார்த்தால் எழுத்தெல்லாம் சரி! தலை கிறுகிறுத்துவிட்டது.

இந்த ஃபைல்களை எழுதுகிற முறைக்கு 'யாமல்' என்று பெயர். அதில் வரிக்கு முன்னால் விடுகிற வெற்று இடத்துக்கும் அர்த்தம் உண்டு. எந்தக் கட்டளை எதற்குள் அடங்கியது என்பதை அந்த இடைவெளியை வைத்துத்தான் கம்ப்யூட்டர் புரிந்துகொள்கிறது. ஒரு படி உள்ளே போக இரண்டு இடம், இன்னொரு படிக்கு நாலு இடம். நாம் புள்ளிக் கோலம் போடுவதில்லையா? ஒரு புள்ளி தள்ளிப்போனால் கடைசியில் சிக்கு சேராது. அதே கதைதான். முக்கியமாக, இடைவெளி விட 'டாப்' விசையை உபயோகிக்கவே கூடாது. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெற்றிடம்தான், ஆனால் யாமல் டாபை ஏற்காது. 23-ஆம் வரியில் அவசரத்தில் நான் டாபைத் தட்டியிருந்தேன். அதை அழித்து ஸ்பேஸ் பாரால் இரண்டு இடம் விட்டேன்.

அடுத்து 31-ஆம் வரி தவறு என்றது. அதை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், தப்பே இல்லை. கடைசியில் தவறு 30-ஆம் வரியில் இருந்தது. இரட்டைப் புள்ளிக்குப் பிறகு ஒரு இடம் விடவேண்டும், நான் சேர்த்து அடித்துவிட்டேன். அந்த வரியைப் படிக்கும்போது கம்ப்யூட்டருக்குத் தப்பு தெரியவில்லை, அடுத்த வரிக்கு வந்த பிறகுதான் தடுக்கிக்கொண்டது. ஆகவே சகோதரிகளே, அது சொல்கிற வரி எண்ணோடு அதற்கு மேல் வரியையும் அவசியம் பாருங்கள். தையலில் நூல் சிக்கினால், அறுந்த இடத்துக்கு முந்தின தையலில்தான் முடிச்சு இருக்கும்.

மூன்றாம் தடவை மீட்பு நிலை போய்விட்டது. பழைய படம் வந்தது! அத்தையைக் கூப்பிட்டு, "கட்டில்ல உட்கார்ந்து காலைக் கீழே வைங்க" என்றேன். வைத்தார்கள். விளக்கு வரவில்லை.

தப்பில்லாத தப்பு

அப்போது மணி மூன்று. வாசல் விளக்குக்கான கட்டளை சரியாக நிற்கிறது. தாழ்வார விளக்கின் கட்டளைக்கு மட்டும் பக்கத்தில் ஒரு குறிப்பு. இதன் அமைப்பு சரியில்லை, அதனால் ஓடவிடவில்லை என்று.

படத்தையும் என் எழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். படத்தில் 'ஆன்' என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி இருந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று நான் விட்டுவிட்டேன். அது அழகுக்கு இல்லை! ஆன், ஆஃப், எஸ், நோ என்ற சொற்களை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், இந்த முறைப்படி கம்ப்யூட்டர் அவற்றைச் சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை. 'உண்மை', 'பொய்' என்று மாற்றிக்கொண்டுவிடும். சென்சார் 'ஆன்' ஆனால் விளக்கைப் போடு என்று நான் சொன்னது, சென்சார் 'உண்மை' ஆனால் போடு என்று ஆகிவிட்டது.

மணிக்கும் இதே தொல்லை உண்டு. இரவு பத்தரையை 22:30:00 என்று குறி போடாமல் எழுதினால் அதை ஒரே எண்ணாக்கி 81000 என்று படித்துவிடும். நள்ளிரவிலிருந்து அத்தனை விநாடி என்று கணக்கு! அதனால் மணியையும் இந்த நாலு சொற்களையும் எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். குறியும் நேராக நிற்கவேண்டும். சில போன்களில் தட்டும்போது அது அழகாக வளைந்துகொள்ளும். வளைந்த குறி இங்கே உதவாது.

இரண்டு குறியைப் போட்டேன். அத்தை காலை வைத்தார்கள். தாழ்வாரம் பளிச்சென்று ஆயிற்று. "ஏ, வந்துடுச்சு!" என்று குழந்தை மாதிரி கை தட்டினார்கள். எனக்குத்தான் அப்போது ஞாபகம் வந்தது, காலையிலிருந்து நான் ஒரு வாய் சாப்பிடவில்லை.

சாயங்காலம் பையன் போன் செய்து, "படம் எடுத்து அனுப்பினது என் தப்பும்மா. ஃபைலாவே அனுப்பியிருந்தா இத்தனை பாடு இல்லை" என்றான். அதுவும் சரிதான். ஆனால் அடித்ததனால்தானே நான் கற்றுக்கொண்டேன்!

மாடி வீட்டில் நடந்தது

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு ஒன்றரை வயதில் ஒரு வாண்டு. அவள் வீட்டுக்காரரும் இதே ஏற்பாடு வைத்திருக்கிறார். ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்தால் மங்கலாக ஒரு விளக்கு எரியும். ஒரு நாள் அந்த வாண்டு தவழ்ந்து போய் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டது. ஒயரைப் பிடுங்குவதும் கரண்ட் போவதும் ஒன்றுதான்.

அவள் வீட்டில் மீட்பு நிலை வரவில்லை. திரை நன்றாகவே திறந்தது. ஆனால் உள்ளே சாமான்களின் பட்டியலே காலி! புதுசாகக் குடி வந்த வீடு மாதிரி இருந்ததாம். இது வேறு வகைக் கோளாறு. நாம் கையால் எழுதுகிற ஃபைல்கள் ஒரு பக்கம் இருக்க, 'ஸ்டோரேஜ்' என்று மறைவாக ஒரு ஃபோல்டர் உண்டு. எந்த விளக்கு, எந்த சென்சார், யாருக்கு என்ன பெயர் என்பதை மென்பொருள் தானே அதில் எழுதிக்கொள்கிறது. அதிலுள்ள ஃபைல் படிக்க முடியாதபடி கெட்டிருந்தால், அதன் பெயரோடு 'கரப்ட்' என்ற சொல்லையும் தேதியையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு, வெறும் பட்டியலோடு தொடங்கிவிடும். நமக்கு அந்த விவரத்தை ஒரு குறிப்பாகவும் காட்டும்.

பாவம், அவள் குறிப்பைப் பார்க்காமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு விளக்கையும் திரும்பச் சேர்த்திருக்கிறாள். சேர்த்தபோது பெயர்கள் மாறிவிட்டதால் பழைய கட்டளை எதுவும் ஓடவில்லை. இந்த மாதிரி சமயத்தில் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். அந்த மறைவு ஃபோல்டரில் கையால் திருத்தவும் போகாதீர்கள். முன்பு எடுத்து வைத்த நகலைத் திரும்பக் கொண்டுவருவதுதான் ஒரே வழி. அவள் வீட்டில் நகல் இருந்தது. ஆனால் அந்த நகலும் அதே கார்டில் இருந்தது, கார்டே கெட்டுப்போனதால் அதுவும் போயிற்று.

உறைமோர் கதை

தயிரை முழுக்கக் கரைத்துவிட்டு உறைமோர் எடுத்து வைக்க மறந்தால் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போவோம். அவர்கள் வீட்டில் இருக்கும் என்ற தைரியம்தான். இந்த நகலும் அப்படித்தான். அது வேறு இடத்தில் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் இப்போது செய்துகொண்டிருக்கும் ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

1. நகல். ஹோம் அசிஸ்டன்டில் 2025 ஜனவரிப் பதிப்பிலிருந்து தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதைப் பையனை இயக்கச் சொன்னேன். அதோடு ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி நானே ஒரு நகலை இறக்கி பென் டிரைவில் போட்டு பீரோவில் வைக்கிறேன். இன்னொன்று பையனிடம் போகிறது.

2. சாவி. தானாக எடுக்கும் நகல் பூட்டுப் போட்டது. அதற்கு ஒரு நீளமான ரகசியச் சாவி எண் தருவார்கள். அது இல்லாவிட்டால் நகல் இருந்தும் திறக்க முடியாது. அந்த எண்ணைக் காகிதத்தில் அச்சடித்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போல.

3. ஒத்திகை. தீபாவளிக்கு வந்த பையனை உட்காரவைத்து, ஒரு புதுக் கார்டில் மென்பொருளை ஏற்றி, முதல் திரையிலேயே 'நகலிலிருந்து மீட்க' என்று வருவதை நானே அழுத்திப் பார்த்தேன். விளக்குகள் எல்லாம் பெயரோடு வந்து நின்றன. அந்தக் கார்டு இப்போது உபரியாக பீரோவில் இருக்கிறது. ஒரு தடவை திரும்பக் கொண்டுவந்து பார்த்தால்தான் அதை நம்பலாம்.

4. கரண்ட். கம்ப்யூட்டரையும் இணையப் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். பழைய போன் சார்ஜரை எடுத்துவிட்டு, ராஸ்பெரி பை 4-க்கு என்று உள்ள 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரையே போட்டோம். மின்சாரம் குறைவாகப் போனாலும் கார்டு கெடும். இடம் மாற்றுவதானால் ஒயரைப் பிடுங்காமல், திரையில் 'ஷட் டவுன்' கொடுத்து, பச்சை விளக்கு துடிப்பது நின்ற பிறகுதான் எடுப்பது. மாடி வீட்டுப் பெண் பெட்டியைப் பரணுக்கு ஏற்றிவிட்டாள்.

5. சோதனை. ஃபைலில் எதை மாற்றினாலும், திரும்ப ஓடவிடும் முன் 'கான்ஃபிகரேஷனைச் சரிபார்' என்ற பொத்தானை அழுத்துகிறேன். தவறு இருந்தால் விளக்கு நிற்கும் முன்பே சொல்லிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றியதைத் தேதி போட்டு நோட்டில் எழுதுகிறேன். மழை மின்னல் நேரத்தில் எதையும் மாற்றுவதில்லை. அந்த ராத்திரி எனக்கு அவசரம் என்ன?

6. கை சுவிட்ச். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தாழ்வார விளக்குக்கு அத்தை கட்டில் பக்கத்திலும் ஒரு சுவிட்ச் வைத்தாயிற்று. கம்ப்யூட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். படிக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க எரியும் ஒரு ஜீரோ வாட் பல்பும் உண்டு. வயதானவர்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கு என்று எதைத் தானாக நடக்கும்படி வைத்தாலும், அது நின்றுபோனால் கைக்கு எட்டும் தூரத்தில் வேறொரு வழி இருக்கட்டும்.

என் கணவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "பையனே பார்த்துப்பானே, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். "ராத்திரி இரண்டரை மணிக்கு இந்தத் தாழ்வாரத்துல நிற்கறது நான்தானே" என்றேன். பதில் பேசவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி அவரே பென் டிரைவை எடுத்துக் கொடுத்து, "எனக்கும் சொல்லிக் கொடு" என்றார்.

அத்தையின் டார்ச்சை நான் அலமாரியிலிருந்து எடுத்து, பாட்டரி மாற்றி, திரும்பத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். "அதான் லைட்டு எரியுதே, இது எதுக்கு?" என்று கேட்டார்கள்.

"இருக்கட்டும் அத்தை" என்றேன். அவர்களும் அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டார்கள்.